செடியோடு வந்த நத்தைகள்: இறால் இருக்கும் 2 அடித் தொட்டியில் என்ன செய்வது?

நீலவால் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கீழே 2 இன்ச் மணல். கப்பி 8, நியான் டெட்ரா 6, கோரிடோராஸ் (அடியில் மேயும் சின்னக் கெளுத்தி) 3, செர்ரி இறால் பதினைந்து வரை இருக்கும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹேங்-ஆன் ஃபில்டர். லைட் தினம் 8 மணி நேரம். போர் தண்ணீர், டிடிஎஸ் 600க்குப் பக்கம்.

மூணு வாரம் முன்னாடி சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடையில் ஹைட்ரில்லா இரண்டு கட்டு, ஒரு அனுபியாஸ், கொஞ்சம் ஜாவா மாஸ் வாங்கி, குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட்டேன். நான் நத்தை வாங்கவே இல்லை. இப்போ கண்ணாடியில் மிளகு சைஸில் நாற்பது ஐம்பது ஊருது. இலைக்கு அடியில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஒரு வழுவழுப்பு, உள்ளே புள்ளி புள்ளியா இருக்கு. அனுபியாஸ் பழைய இலையில் ஓட்டை வேற விழுந்திருக்கு.

கடையில் கேட்டா "ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுங்க, காலையில எல்லாம் காலி"ன்னாங்க. அந்தக் காப்பர் சல்பேட்டைப் போடலாமா? இல்லை செடியை எல்லாம் எடுத்து வீசணுமா? தொட்டியை முழுசா கழுவிக் கொட்டாம வழி இருந்தா சொல்லுங்க.

பாசிப்பச்சை:

முதலில் மயில்துத்தத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். காரணத்தை யாராவது விளக்கமாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் வந்திருப்பது எந்த நத்தை என்று பார்க்க வேண்டும். இனம் தெரியாமல் செய்கிற வேலையில் பாதி வீண்.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். ஓட்டின் கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். வாய் இடது பக்கம் இருந்தால் அது ஃபைசா. கடைக்காரர்கள் பிளாடர் நத்தை என்பார்கள். உணர்கொம்பு நூல் மாதிரி மெல்லியதாக இருக்கும், நத்தை இனத்திலேயே இது கொஞ்சம் வேகமாக ஓடும். ஒரு கோழை நூலைப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து நீர்மட்டம் வரைக்கும் நேராக மிதந்து ஏறுவதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

வாய் வலது பக்கம், உணர்கொம்பு முக்கோணமாகத் தட்டையாக இருந்தால் லிம்னியா, குளத்து நத்தை. உயிருள்ள இலையையும் கடிக்கும். நம் வயல்களில் கிடைக்கும் பெரிய ஆப்பிள் நத்தையும் அப்படித்தான், ஒரே ராத்திரியில் ஒரு செடியைக் காலி செய்யும். கைமுறுக்கு மாதிரி தட்டையாகச் சுருண்டிருந்தால் ராம்ஸ்ஹார்ன். ஐஸ்க்ரீம் கோன் மாதிரி நீளமாகக் கூம்பி, உடம்பை உள்ளே இழுத்ததும் வாயை ஒரு மூடியால் அடைத்துக்கொண்டால் மலேசியன் ட்ரம்பெட். பெயரில்தான் மலேசியா. நம் ஊர்க் குளம், வாய்க்காலிலேயே பிறந்து வளர்கிற இனம் அது. பகலில் மணலுக்குள் கிடக்கும். லைட்டை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் எத்தனை இருக்கிறது என்று தெரியும்.

ஜவ்வரிசி மாதிரி இருப்பது முட்டைத் தொகுதி. ஃபைசா, ராம்ஸ்ஹார்ன் இரண்டும் இப்படித்தான் இடும். ஒரு தொகுதியில் பத்திலிருந்து நாற்பது வரை இருக்கலாம். 28 டிகிரி தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். குழாய்த் தண்ணீரில் எத்தனை அலசினாலும் அந்த ஜெல்லி இலையை விடாது. ஆகவே நீங்கள் சரியாக அலசவில்லை என்று நினைக்க வேண்டாம்.

இலை ஓட்டையை நத்தை கணக்கில் எழுதாதீர்கள். ஃபைசாவும் ராம்ஸ்ஹார்னும் அழுகத் தொடங்கிய இலையைத்தான் சுரண்டும். அனுபியாஸ் இலை தடிமன், அவற்றின் வாய்க்கு அது ஆகாது. பழைய இலைகளில் மட்டும் குண்டூசித் துளை விழுந்து, துளையைச் சுற்றி மஞ்சளித்தால் பொட்டாசியம் பற்றாக்குறையாக இருக்கும். செத்துப்போன அந்த ஓரத்தைத் தின்ன நத்தை வரும். நீங்கள் பார்ப்பது அந்தக் காட்சியை. துளை முதலில், நத்தை பிறகு.

இனம் எது என்று பார்த்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கணக்குப்புலி:

மயில்துத்தம் ஏன் கூடாது என்பதை எண்ணிலேயே போட்டுவிடுகிறேன்.

2×1×1 அடி என்றால் சுமார் 56 லிட்டர். மணலையும் மேலே விட்ட ஒரு இன்ச் இடைவெளியையும் கழித்தால் தண்ணீர் 45 லிட்டர் தேறும். மயில்துத்தத்தில் நாலில் ஒரு பங்கு செம்பு. மீனுக்கு ஒட்டுண்ணி வைத்தியம் பார்க்கும்போது லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் செம்பு வரை போவார்கள், அதையும் டெஸ்ட் கிட் வைத்துத் தினம் அளந்துகொண்டே. உங்கள் தொட்டிக்கு அந்த 0.2 என்றால் 9 மில்லிகிராம் செம்பு. அதாவது 36 மில்லிகிராம் மயில்துத்தம். வீட்டுத் தராசு எதிலும் இது ஏறாது.

ஒரு சிட்டிகை சுமாராக 300 மில்லிகிராம் இருக்கும். போட்டால் லிட்டருக்கு 1.7 மில்லிகிராம் செம்பு. வைத்திய அளவைப் போல எட்டு மடங்கு. இறாலுக்கு அந்த வைத்திய அளவிலேயே ஒரு சிறு பங்கு போதும், கதை முடிந்துவிடும்.

"என் தொட்டியில் போட்டேன், மீனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கடின நீரில் செம்பின் பெரும்பகுதி கார்பனேட்டாக மாறி மணலில் இறங்கிவிடும், அதனால் அன்றைக்கு மீன் தப்பிக்கும். ஆனால் அந்தச் செம்பு தொட்டியை விட்டுப் போகவில்லை. பின்னால் பிஎச் இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குத் திரும்பும். ஆறு மாதம் கழித்து இறால் விட்டு, காரணமே தெரியாமல் அது சாவதெல்லாம் இந்த வகை.

இன்னொன்றும் இருக்கிறது. இருநூறு நத்தை ஒரே ராத்திரியில் செத்தால் அவ்வளவும் ஒரே நாளில் அழுகும். அம்மோனியா ஏறும், ஆக்சிஜன் இறங்கும். மருந்துக்குத் தப்பிய மீன் இதில் போகும். மூடி உள்ள ட்ரம்பெட் நத்தை மட்டும் வாயை அடைத்துக்கொண்டு மணலுக்குள் கிடந்து பிழைத்துக்கொள்ளும். ஆக, யாரைக் கொல்லப் போட்டோமோ அவர் மட்டும் மிச்சம்.

கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபென்பெண்டசோல் குடற்புழு மருந்தையும் யாராவது சொல்வார்கள். இறாலுக்கு அது செம்பு அளவுக்கு ஆபத்தில்லை என்பது சரி. ராம்ஸ்ஹார்ன் சாகும், ட்ரம்பெட் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் மணலில் மாதக்கணக்கில் தங்கும். பின்னால் ஆசைப்பட்டு நெரைட் நத்தை வாங்கி விட்டால் அதுவும் சாகும். பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கென்று விற்கும் பாக்குச் சாறு பொடிக்கும் இதே எச்சரிக்கைதான்.

கல்லுப்பு போடலாமா என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: ட்ரம்பெட் நத்தை உவர்நீரிலும் வாழும். உங்கள் செடி வாழாது.

நீலவால்:

ரொம்ப நன்றி. மயில்துத்தப் பொட்டலத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துடறேன்.

பார்த்தாச்சு. கண்ணாடியில் இருக்கிறதில் பெரும்பாலானவைக்கு வாய் இடது பக்கம்தான். தட்டையா சுருண்ட பழுப்பு நிறம் ஒரு ஏழெட்டு. நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடிச்சா மணல் மேல் கூம்பு கூம்பா இருபதுக்கு மேல! அதைப் பகலில் நான் பார்த்ததே இல்லை.

தீனி: காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை. ராத்திரி கோரிடோராஸுக்கு மூழ்கும் வேஃபர் 2 வில்லை. காலையில் சில நாள் வேஃபர் கரைஞ்சு வெள்ளையா கிடக்கும், அதை அப்படியே விட்டுடுவேன்.

மீன்கிறுக்கன்:

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை. ரெண்டு கிளவுன் லோச் வாங்கி விடுங்க ப்ரோ. ஒரே வாரத்துல நத்தை சுத்தம்.

அடிமணல்:

லோச் விஷயத்துக்குக் கீழே யாராவது வரட்டும். நான் வேஃபருக்கு வருகிறேன், ஏனென்றால் நத்தையை வளர்ப்பது அதுதான்.

ஃபைசாவும் ராம்ஸ்ஹார்னும் இருபால் உயிரிகள். ஜோடி இல்லாமல் ஒன்றே ஒன்று வந்தாலும் தானே முட்டையிட்டுப் பெருகும். ட்ரம்பெட் இன்னும் ஒரு படி மேலே: ஆணே இல்லாமல் குட்டியாகவே போடும், முட்டைகூடக் கண்ணில் படாது. எனவே கடைசி நத்தை வரை பிடித்து ஒழிப்பது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்கள் போர் தண்ணீரில் ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்பும் தாராளமாக இருக்கிறது. அவற்றைக் கட்டிப்போடுவது ஒன்றே ஒன்றுதான், தீனி. எத்தனை நத்தைக்குச் சோறு மிச்சம் இருக்கிறதோ அத்தனை நத்தை இருக்கும்.

மூன்று கோரிடோராஸுக்கு ராத்திரி 2 வில்லை மிக அதிகம். அரை வில்லை, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். மணலில் போடாமல் ஒரு சிறு கண்ணாடித் தட்டில் போடுங்கள். லைட் அணைத்து இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தைத் தட்டோடு எடுத்துவிடலாம். தட்டில் ஏறிய நத்தையும் கூடவே வந்துவிடும், அது இலவசம். மேலே மிதக்கும் தீனி ஒருவேளை மட்டும், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுங்கள். வளர்ந்த கப்பிக்கும் டெட்ராவுக்கும் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, வந்து கண்ணாடியை முட்டிப் பரிதாபமாகப் பார்க்கும், அவ்வளவுதான். மஞ்சளித்த இலை, கீழே அழுகும் ஹைட்ரில்லாத் தண்டு எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். அதுவும் சோறுதான்.

அடுத்து பொறி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் சுற்றிலும் ஐந்தாறு துளை போடுங்கள். ஆணியைச் சுட வைத்துக் குத்தினால் பிசிறு இல்லாமல் வரும். துளை 8 மில்லிமீட்டர் போதும். அதைவிடப் பெரிதானால் கோரிடோராஸ் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். உள்ளே நாலு கூழாங்கல் பாரத்துக்கு. இரை: வெள்ளரிக்காய் ஒரு வட்டம், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு ஆறவைத்தது. சுரைக்காய், சௌசௌ எதுவானாலும் சரி. பச்சையாகப் போட்டால் மிதக்கும், மணமும் சீக்கிரம் பரவாது.

லைட் அணைத்ததும் பாட்டிலைத் துளை வரை மணலில் புதைந்த மாதிரி வையுங்கள். துளை மணல் மட்டத்துக்கு இருந்தால்தான் ட்ரம்பெட் ஏறும். விடிவதற்கு முன், லைட் போடாமல் எடுக்க வேண்டும். லைட் போட்டால் ட்ரம்பெட் அத்தனையும் மணலுக்குள் இறங்கிவிடும், நீங்கள் வெறும் வெள்ளரிக்காயை எடுப்பீர்கள். ஒரு ராத்திரிக்கு மேல் காயை உள்ளே விடாதீர்கள், தண்ணீர் பால் மாதிரி கலங்கும். உள்ளே இறாலும் கட்டாயம் இருக்கும். ஒரு மக்கில் கவிழ்த்து, இறாலை வலையால் பொறுக்கித் திரும்ப விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரம் மூன்று ராத்திரி இதைச் செய்யுங்கள். கண்ணாடியில் இருப்பதை ஏர் பம்ப் ட்யூபால் சைபன் போட்டு உறிஞ்சலாம், ட்யூபின் மறுமுனையை வலைக்குள் விட்டால் எண்ணிக்கையும் தெரியும். முட்டைத் தொகுதியைப் பழைய ஏடிஎம் கார்டால் வழித்து எடுங்கள். நசுக்கினால் மட்டும் போதாது, வெளியே எடுக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை குறையாது, கூடினாலும் கூடும். ஏற்கெனவே இட்ட முட்டைகள் பொரிந்துகொண்டிருக்கும். பயந்துபோய் அந்த நேரத்தில் மருந்து வாங்க ஓடாதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ஹேங்-ஆன் ஃபில்டரின் உறிஞ்சு குழாயில் ஒரு பஞ்சுத் துண்டு மாட்டுங்கள். குட்டி நத்தை உள்ளே போய் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சுழல்விசிறி) சிக்கினால் கடகடவென்று சத்தம் வரும், கவனிக்காமல் விட்டால் தண்டு தேயும். இறால் குட்டிகளுக்கும் அந்தப் பஞ்சு பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. ட்ரம்பெட்டை முழுவதும் ஒழிக்க வேண்டும் என்று தொட்டியைக் கலைக்காதீர்கள். மணலைக் கிளறி, இறங்கிய கழிவைத் தின்று, உங்களுக்குச் சம்பளமில்லாத வேலை பார்ப்பது அதுதான். பகல் வெளிச்சத்தில் அவை கூட்டமாகக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஏறினால் மட்டும் உடனே அம்மோனியா டெஸ்ட் செய்யுங்கள், ஏர் பம்ப் ஓடுகிறதா பாருங்கள். மீன் மூச்சுத் திணறுவதற்கு முன்னாலேயே அவை சொல்லிவிடும். அம்மோனியா 0.25 காட்டினாலே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

பாசிப்பச்சை:

மீன்கிறுக்கன் தம்பி, கிளவுன் லோச் நத்தை தின்னும், மறுக்கவில்லை. அது ஓர் அடி நீளம் வளரும் மீன். தனியாக விட்டால் ஒளிந்துகொண்டே கிடக்கும், ஐந்தாறு சேர்த்து வளர்க்க வேண்டும். 2 அடித் தொட்டியில் அதற்கு இடம் ஏது? யோயோ லோச்சும் அரை அடிக்குப் பக்கம் வரும். இரண்டுமே நத்தை தீர்ந்த மறுநாள் இறாலைத் தேடும். நத்தைக்கு முன்னாலேயே தேடினாலும் ஆச்சரியமில்லை.

அடுத்து யாராவது பட்டாணிப் பஃபர் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன், ஒன்றரை இன்ச்கூட வராது, நத்தை என்றால் உயிர். ஆனால் கப்பியின் வாலைப் பார்த்தால் சும்மா இருக்காது. ஒரு வாரத்தில் எட்டு கப்பியும் மொட்டைவாலோடு சுற்றும். போதாததற்கு ட்ரம்பெட்டின் தடித்த ஓடு அதன் வாய்க்கு மீறியது. தனித் தொட்டியில் பஃபர் வைத்திருப்பவருக்கு உங்கள் ஃபைசாக்களைத் தீனியாகக் கொடுங்கள், கும்பிட்டு வாங்கிக்கொள்வார்.

இந்தத் தொட்டிக்குப் பொருந்தும் ஒரே வேட்டைக்காரர் அசாசின் நத்தை. மஞ்சளும் பழுப்பும் பட்டை பட்டையாக, தேனீ நிறத்தில் இருக்கும். மணலில் புதைந்து கிடந்து மற்ற நத்தையைத் துரத்திப் பிடிக்கும், ட்ரம்பெட்டையும் விடாது. உங்கள் அளவுக்கு 4 போதும். பெருகினாலும் மெதுவாகத்தான், ஏனென்றால் ஆண், பெண் தனித்தனி, முட்டையும் ஒவ்வொன்றாகத்தான் இடும். ஒன்று நாளைக்கு ஒரு நத்தை தின்றால் அதிகம். அதனால் இது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. வளர்ந்த இறாலை அனேகமாகப் பிடிக்க முடியாது. தோலுரித்துச் சோர்ந்து கிடக்கும் இறாலையும் குட்டியையும் எப்போதாவது பிடிக்கும். அது பரவாயில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

கூடவே ஒரு சின்ன ஆட்சேபம், கேட்காமலே: டிடிஎஸ் 600 கப்பிக்குச் சொர்க்கம், நியான் டெட்ராவுக்கு அப்படியில்லை. அதை வேறொரு நாள் பேசலாம்.

குளத்தங்கரை:

செடிகளை வீச வேண்டாம். இப்போது எடுத்து மருந்தில் முக்கவும் வேண்டாம். நத்தை ஏற்கெனவே மணலில் குடும்பம் நடத்துகிறது, செடியை மட்டும் சுத்தம் செய்து என்ன பயன். நான் சொல்வது அடுத்த முறை வாங்கும் செடிக்கு.

படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும், பொடித்துக்கொள்ளுங்கள். 4 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி, முழுதாகக் கரைய வேண்டும். செடியைக் கல் வைத்து அமுக்கி 24 மணி நேரம். மூன்று மணி நேரத்தில் எடுத்தால் பெரிய நத்தை விழும், முட்டை பிழைக்கும், பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். எடுத்த பிறகு இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் போட்டுப் பிறகு தொட்டிக்கு. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் தாங்கும். மென்மையான தண்டுச் செடிகள் சில இலை உதிர்க்கும்.

அவசரம் என்றால் பிளீச்சிங் திரவம். வாசனை, சோப்பு எதுவும் சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட்டாக இருக்க வேண்டும். 4, 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 1 பங்குக்கு 19 பங்கு தண்ணீர். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் 2 நிமிடம். தண்டுச் செடி 1 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மாஸ், வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லாவுக்கு இது ஆகவே ஆகாது, கரைந்து கூழாகிவிடும். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். உடனே ஓடும் தண்ணீரில் அலசி, 5 லிட்டர் தண்ணீரில் குளோரினை முறிக்கும் ஹைப்போ உப்பு அரை டீஸ்பூன் கரைத்து அதில் 15 நிமிடம். முகர்ந்தால் குளோரின் வாடை துளிகூட இருக்கக் கூடாது.

படிகாரத்தையும் பிளீச்சிங்கையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். படிகாரம் அமிலத் தன்மை உள்ளது, பிளீச்சிங்கோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர்கள் குறிப்பாகக் கவனிக்கவும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஒரு வழி, லேசான ஊதா நிறத்தில் 15 நிமிடம்.

பாசிப்பச்சை:

குளத்தங்கரை அண்ணா, பெர்மாங்கனேட்டை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கிருமிக்கும் ஹைட்ரா மாதிரி பூச்சிக்கும் நல்லது. நத்தை முட்டையைச் சுற்றிய ஜெல்லியைத் தாண்டி அது உள்ளே போவது உறுதியில்லை. ஊதாத் தண்ணீரில் முக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் நேரே தொட்டியில் போடுகிறார்கள், பத்தாம் நாள் மறுபடி நத்தை.

மாஸுக்குப் படிகாரமே மேல், அல்லது தனிமைப்படுத்தல். ஒரு வாளி, கொஞ்சம் வெளிச்சம், 4 வாரம். முட்டை பொரிந்து, குட்டி கண்ணில் படும் அளவுக்கு வளர அந்த அவகாசம் போதும். வாரம் ஒருமுறை வாளியில் வெள்ளரித் துண்டு போட்டுப் பாருங்கள், எதுவும் ஏறவில்லை என்றால் எடுக்கலாம். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் டிஷ்யூ கல்ச்சர் கப் வாங்குங்கள். ஆய்வுக்கூடத்தில் கிருமி நீக்கி வளர்ப்பதால் நத்தை வர வழியில்லை. வேரில் இருக்கும் கூழை மட்டும் நன்றாகக் கழுவிவிட வேண்டும். விலை கூடத்தான்.

குளத்தங்கரை:

பெர்மாங்கனேட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, முட்டைக்கு அதை நம்ப முடியாது. திருத்திக்கொள்கிறேன்.

செடி மட்டுமே வாசல் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன் வாங்கிய கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவது, ஈர வலையை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது, மீனுக்கு உயிர்த்தீனியாகக் குளத்தில் அள்ளிய டாஃப்னியா, வாய்க்கால் டியூபிஃபெக்ஸ் புழு என்று எல்லாவற்றிலும் வரும். மீனை வலையில் எடுத்து விடுங்கள், கவர் தண்ணீரைப் பூந்தொட்டி மண்ணில் ஊற்றுங்கள்.

நீலவால்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கலை. ரெண்டே ரெண்டு கேள்வி. பிடிச்ச நத்தையை என்ன பண்றது, சாக்கடையில் கொட்டிடலாமா? வீட்டில் அஞ்சு வயசுப் பையன் தொட்டிக்குள் கை விட்டு விளையாடுவான். நத்தையால் நோய் வரும்னு மாமியார் சொல்றாங்க, உண்மையா?

அடிமணல்:

சாக்கடை, ஏரி, குளம் எதிலும் வேண்டாம். ஒரு டப்பாவில் போட்டு மூடி ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள், பிறகு செடி மண்ணில் புதைத்துவிடலாம். ஃப்ரீசரில் வைக்க வீட்டில் சம்மதிக்காவிட்டால் கொதிநீர் ஊற்றுங்கள், நொடியில் முடிந்துவிடும். கோழி வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. தொட்டிக்குள்ளேயே நசுக்கிக் கப்பிக்குக் கொடுப்பதும் உண்டு. ஒரு நேரத்துக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் அதுவே அழுகும் தீனி. சைபன் போட்ட தண்ணீரையும் மண்ணில் ஊற்றுங்கள், அதில் குட்டி நத்தையும் செடித் துண்டும் இருக்கும்.

கணக்குப்புலி:

மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் அது உங்கள் தொட்டி நத்தைக்கு அனேகமாகப் பொருந்தாது.

மாடு இறங்கும் குட்டை, வயல் பக்கம் கிடைக்கும் நம் ஊர்ப் பெரிய ராம்ஸ்ஹார்ன், இன்டோபிளானார்பிஸ், மாட்டின் ரத்தத்தில் வாழும் ஷிஸ்டோசோமா என்ற தட்டைப்புழுவைச் சுமக்கும். அந்தப் புழுவின் இளம்பருவம் தண்ணீரில் நீந்தி மனிதத் தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துப்போகும். அரிப்பும் தடிப்பும் வரும், அதற்கு மேல் வளராது. லிம்னியா மாட்டின் கல்லீரல் புழுவைச் சுமக்கும். இவை எல்லாவற்றுக்கும் வாழ்க்கைச் சுற்றில் ஒரு மாடோ ஆடோ பறவையோ வேண்டும். உங்கள் தொட்டிக்கு எந்த மாடும் வந்து சாணி போடப் போவதில்லை. எனவே தொட்டியிலேயே பிறந்த நத்தைக்கு அந்தத் தொற்று வர வழியில்லை. குட்டையிலிருந்து நேரே பிடித்து வந்த நத்தையிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

பையன் கை விடட்டும். புண் இருந்தால் வேண்டாம். எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவட்டும், நத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டித் தண்ணீருக்கு அதுதான் விதி. நத்தையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி வாளி, சைபன் ட்யூபைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

நீலவால்:

நன்றி. இன்னைக்கு ராத்திரியே பாட்டில் வெச்சுடறேன். அசாசின் நாலு இப்பவே வாங்கிடவா?

பாசிப்பச்சை:

இப்போது வேண்டாம். தீனியைக் குறைக்காமல் அதை விட்டால் நத்தை பெருகும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. ஆறு வாரம் தட்டும் பொறியும் மட்டும். தொடங்குகிற அன்றைக்கும் முடிகிற அன்றைக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடித்து, முன் கண்ணாடியில் எத்தனை, மணல் மேல் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். பாதிக்குக் கீழே வந்திருந்தால் அசாசினுக்கு வேலையே இல்லை. வரவில்லை என்றால் முதலில் வேஃபரை யார் போடுகிறார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள், பெரும்பாலும் பையனாக இருக்கும். அதன் பிறகு நாலு அசாசின் வாங்கலாம்.